சிற்றிலும் சிறுதேரும்



முதலாந் தரத்திற்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளிலே ஓர் அதிபரின் அறை எப்படியிருக்கும் என்பதைப் பெற்றோராகிய நீங்கள் நன்கறிவீர்கள். பிறப்புச் சான்றிதழும் கையுமாகத் தந்தை நிற்பார். தாயின் சேலைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் மாத்திரம் பிள்ளை என்னை அளந்துகொண்டிருக்கும். நான் வாய் திறப்பதற்கு முன்னரே தந்தை சொல்லத் தொடங்கிவிடுவார்: "சேர், உயிரெழுத்து முழுவதும் எழுதுவான். நூறு வரைக்கும் எண்ணுவான். ஆங்கிலத்திலும் சொல்லுவான்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டபின், "மகன் என்ன விளையாடுவான்?" என்று நான் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி அவரைத் திகைக்க வைத்துவிடும். ஏதோ நோயைப் பற்றி வைத்தியர் விசாரித்ததுபோல முகம் வாடி, "அதெல்லாம் இப்போது குறைத்துவிட்டோம், சேர்" என்பார்.

குறைத்துவிட்டோம் என்று சொல்லும்போது அவர் பெருமைப்படுகின்றார். எனக்கோ நெஞ்சு கனக்கின்றது. ஏனெனில், ஐந்து வயதுப் பிள்ளையின் விளையாட்டைக் குறைப்பதென்பது, அந்தப் பிள்ளையின் கல்வியையே குறைப்பதாகும். இதனையே இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியை அளந்த கோலே விளையாட்டுத்தான். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை நினைத்துப் பாருங்கள். அது குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுக்கின்றது. கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி, உடலை அசைத்தாடும் செங்கீரை ஐந்தாம் மாதத்திற்குரியது. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்திற்குரியது. ஓராண்டு நிரம்பும் வேளையில் தளர்நடையிட்டு வரும்படி அழைப்பது வருகைப் பருவம். அதன்பின் வானத்து நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு கூப்பிடுவது அம்புலிப் பருவம். கடைசி மூன்றும் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண் குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்றும் அமையும். இன்று குழந்தையின் வளர்ச்சிப் படிகளைக் கவனிக்கும் வைத்தியரும் தாதியும் பார்ப்பவை என்ன? தலை நிற்கின்றதா, கை கொட்டுகின்றதா, நடை பழகுகின்றதா, பிறரோடு சேர்ந்து விளையாடுகின்றதா என்பவற்றைத்தானே? நம் புலவர்களும் அவற்றையே பார்த்தார்கள், பாடியும் வைத்தார்கள்.

இனி, இந்த விளையாட்டுக்குள்ளே நிகழ்வதுதான் என்ன என்று சற்று நெருங்கிப் பார்ப்போம்.

தாய் முந்தானையால் முகத்தை மூடித் திறக்கின்றாள். குழந்தை கலகலவென்று சிரிக்கின்றது. இது வெறுஞ் சிரிப்பன்று. கண்ணுக்கு மறைந்த பொருள் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை, திரும்பி வரும் என்னும் பெரிய உண்மையைக் குழந்தை அப்போது கற்றுக்கொண்டிருக்கின்றது. ஏறக்குறைய எட்டு மாதமளவில் மறைத்துவைத்த பொருளைக் குழந்தை தேடத் தொடங்குகின்றது என்று சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே தம்முடைய பிள்ளைகளையே கவனித்து எழுதினார். தாய் வேலைக்குப் போனாலும் மாலையில் திரும்பி வருவாள் என்று பின்னாளில் முன்பள்ளி வாசலில் அழாமல் நிற்கும் தைரியமும் இந்த முந்தானை விளையாட்டிலிருந்தே முளைக்கின்றது.

ஒன்றரை, இரண்டு வயதில் இன்னோர் அற்புதம் நிகழ்கின்றது. சிரட்டை சட்டியாகிறது, மணல் சோறாகிறது, பூவரசிலை காசாகிறது. ஈர்க்கிற் குச்சி பேனையாகவும் ஊசியாகவும் மாறுகின்றது. ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதனை இன்னொன்றாக மனத்தில் காண்கின்ற இந்த ஆற்றல் எத்தகையது? சற்றுச் சிந்தியுங்கள். வளைந்தும் நெளிந்தும் கிடக்கும் சில கோடுகளை "அம்மா" என்று படிப்பதற்கு வேண்டியது அதே ஆற்றல்தானே! சிரட்டையைச் சட்டியாகக் காணப் பழகாத பிள்ளைக்குக் கோட்டை எழுத்தாகக் காண்பது எளிதாகுமா? ரஷ்ய உளவியலறிஞர் வைகொட்ஸ்கி 1933 ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்றில் இதனை விளக்கினார். விளையாடும்போது பிள்ளை தன் வயதுக்கு மேலான உயரத்தில் நிற்கின்றது என்பது அவருடைய முடிபு. கடையில் ஒரு நிமிடம் பொறுத்திருக்க மாட்டாத சிறுவன், விளையாட்டிற் காவற்காரனாக நிற்கச் சொன்னால் கால் நோகும்வரை அசையாது நிற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது கையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். நமது மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தாகவே இருக்கும். ஆண்டுக்காண்டு ஒவ்வொன்றாக இறுகிவரும். எல்லாம் இறுகப் பத்து வயதளவாகும். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, நேர்கோட்டில் எழுதென்று அதட்டுகின்றவர்கள் இதனை நினைத்துப் பார்க்கவேண்டும். களிமண்ணைப் பிசைதலும், ஓலையைக் கிழித்துப் பின்னுதலும், குன்றிமணி கோத்தலும், கல்லை மேலே எறிந்து புறங்கையில் ஏந்தும் கொக்கானும் அந்த விரல்களுக்கு வேண்டிய பயிற்சியைத் தாமே கொடுத்துவிடுகின்றன. அவற்றிற் பழகிய கைக்குப் பென்சில் பாரமாக இராது.

நேயர்களே, எனது ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல ஆசைப்படுகின்றேன். புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய வீதியில் இருக்கின்றது எலுவன்குளம். வில்பத்துக் காட்டின் தென்னெல்லை அதற்கு அணித்தே உள்ளது. கலா ஓயா அவ்வழியே ஓடிக் கண்டற் காடுகளுக்கூடாகக் களப்பிற் சேருகின்றது. மாரியில் ஆறு பெருகினால் பாலத்தின் மேலாலும் வெள்ளம் பாயும். காடும் ஆறும் களப்பும் ஒன்று சேர்ந்த இப்பகுதியில் விளையாட்டுப் பொருளைக் கடையில் வாங்கவேண்டிய தேவையே இல்லை.

கண்டல் மரத்தின் வித்து எப்படியிருக்கும் என்று தெரியுமா? மரத்திற் தொங்கும்போதே முளைவிட்டு, நீண்ட முருங்கைக்காய்போல இறங்கி நிற்கும். எங்கள் சிறுவர்கள் அதனை எடுத்து ஆற்றில் ஓட்டப்பந்தயம் விடுவார்கள். புதிதாய் விழுந்த வித்துப் படகுபோலப் படுத்து மிதக்கின்றது. பலநாள் நீரில் ஊறியது நிமிர்ந்து நின்று மிதக்கின்றது. ஏன் இப்படி என்று ஒருநாள் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். நிமிர்ந்து மிதந்தாற்றானே ஆழங்குறைந்த இடத்தில் சேறு தட்டியதும் அப்படியே ஊன்றி வளர முடியும் என்று நான் சொல்ல, அவள் உடனே ஐந்தாறு வித்துக்களைக் கரைச் சேற்றில் நட்டுவிட்டு ஓடினாள். எனக்கு நற்றிணையில் வரும் புன்னைமரம் நினைவுக்கு வந்தது. சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துபோன விதையொன்று முளைத்துவிட, அதற்குப் பாலும் நெய்யும் பெய்து வளர்த்தார்கள். பின்னர் தாய் அந்த மரத்தையே மகளுக்குச் சகோதரி என்று சொல்லிவைத்தாள். விளையாட்டிலே தொடங்கியது உறவாக முடிந்தது. இயற்கையிடத்து அன்பு வேண்டுமென்று நாம் வகுப்பில் எத்தனை கட்டுரை எழுதுவித்தாலும் அந்த ஒரு விதைக்கு ஈடாகுமா?

இன்னொரு காட்சி. நான்காந் தரத்தில் ஒரு சிறுவன் இருந்தான். வகுத்தற் கணக்கென்றால் அவனுக்குக் கண் கலங்கிவிடும். ஒருநாள் இடைவேளையில் அவனும் தோழர் மூவரும் பழைய வலைத்துண்டொன்றை மணலில் விரித்து, கரைவலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வலையில் அகப்பட்ட மீன்கள் சிப்பிகள். அவன் அவற்றைக் கூறு போட்டான். 23 சிப்பி, நான்கு பேர். ஆளுக்கு ஐந்து வைத்தான். மிகுதி மூன்று. "இந்த மூன்றும் கறிக்கு" என்று சொல்லி அவற்றைச் சிரட்டையில் இட்டான். வகுப்பில் அவனுக்கு விளங்காத ஈவும் மீதியும் மணலில் எவ்வளவு தெளிவாக விளங்கின! அவன் மந்தமான பிள்ளையல்லன். நாம் காட்டிய கணக்குத்தான் உயிரற்றுக் கிடந்தது. அன்று தொட்டு எங்கள் வகுப்பறையின் மூலையில் சிப்பிப் பெட்டியொன்று இருக்கின்றது.

அந்த விளையாட்டில் அவர்கள் கற்றது கணக்கு மாத்திரமன்று. யார் மண்டாடி, யார் வலை இழுப்பது, பங்கு பிரிப்பவன் ஏமாற்றினால் என்ன செய்வது என்றெல்லாம் தாமே பேசி முடிவு செய்தார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் அமெரிக்க அம்மையார் 1932 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகள் சேர்ந்து விளையாடப் பழகும் படிகளை வகுத்துக் காட்டினார். முதலில் பிள்ளை தனியே விளையாடும். பின்னர் மற்றப் பிள்ளைக்கு அருகேயிருந்து, ஆனால் தன்பாட்டில் விளையாடும். பின்பு பொருள்களைக் கொடுத்து வாங்கும். கடைசியில் ஒரே நோக்கத்துடன் வேலையைப் பகிர்ந்து விளையாடும். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை தன் பொம்மையைப் பிறர்க்குக் கொடுக்க மறுத்தால் "தன்னலக்காரன்" என்று ஏசாதீர்கள். அந்தப் படி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். கிளித்தட்டு மறிக்கும் வயது வரும்போது, விதியை மதிப்பதும், தோற்றாலும் மறுநாள் ஆடவருவதும் தாமாகவே வந்து சேரும்.

இப்போது, நான் செய்த ஒரு பிழையை உங்களுக்குச் சொல்லவேண்டும். இதனைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு நான் தகுதியுடையவனல்லன்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, இளம் ஆசிரியனாக, அம்மக்களின் பிள்ளைகள் பயின்ற ஓலைக் கொட்டிற் பாடசாலையொன்றில் நான் கற்பித்தேன். முதலாந் தரத்தில் ஒரு சிறுமி. நாள்தோறும் முற்றத்து மணலில் ஒரு வீடு கட்டுவாள். எப்போதும் ஒரே வீடு. மூன்று அறை, முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு மரம். மணி அடித்ததும் அதன்மேல் ஒரு தென்னோலைத் துண்டை மூடிவிட்டு வகுப்புக்கு வருவாள்.

ஒருநாள் பாடசாலையைப் பார்வையிடச் சிலர் வருவதாக இருந்தது. முற்றம் துப்புரவாக இருக்கவேண்டுமென்று எண்ணி, பெரிய மாணவர் இருவரைக் கொண்டு மணலைத் தட்டிச் சமப்படுத்துவித்தேன். அந்த வீடும் போயிற்று. சிறுமி அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து வகுப்பிற் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டாற் பதிலில்லை, பாட்டில்லை, சிரிப்பில்லை. அவளுக்குப் பிடிவாதம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இரண்டு கிழமை சென்றபின் அவளுடைய உம்மும்மா வந்தார். நான் முறையிடுவதற்கு முன்னரே அவர் சொன்னார்: "சேர், அது அவள் பிறந்த வீடு. வரும்போது அவள் கைக்குழந்தை, ஒன்றும் ஞாபகமில்லை. இரவில் நான் சொல்லச் சொல்லக் கேட்டு, பகலில் அவள் அதைக் கட்டிப் பார்க்கிறாள்."

நேயர்களே, நான் மணலைச் சமப்படுத்தியதாகவே நினைத்திருந்தேன். வீட்டை இழந்த ஒரு பிள்ளை, தன் கையாலே தனக்கென்று எழுப்பிய ஒரே வீட்டையன்றோ இடித்திருந்தேன்! பிள்ளைத்தமிழிலே சிற்றிற் பருவம் என்று ஒன்று உண்டென்றேனே. அதன் பொருள் என்ன? மணலிற் சிறுவீடு கட்டிய சிறுமியர், அதனைக் காலால் அழிக்க வருகின்ற ஆண்பிள்ளையை நோக்கி, எங்கள் வீட்டை அழிக்காதே என்று வேண்டுவதாகும். அதனைப் பட்டப் படிப்பிற் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியுமிருந்தேன். கண்முன்னே வந்தபோது அடையாளம் காணவில்லை.

மறுநாள் இடைவேளையில் மணலில் நானும் போய் இருந்தேன். நானே ஒரு கோடு கீறி, "கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, "பின்னுக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் கொடுத்துவைத்திருந்தேன். பிறகு மெல்ல மெல்ல வீடும் எழுந்தது, பேச்சும் வந்தது. எழுத்து வந்தது அவற்றுக்குப் பின்னர்தான். துன்பத்தைச் சொல்லச் சொற்களில்லாத வயதிலே பிள்ளைக்கு விளையாட்டே மொழி என்பதை எனக்குக் கற்பித்த ஆசிரியை அந்தச் சிறுமிதான்.

பிள்ளையின் சிற்றிலை இடித்தவர்கள் பெரிய இடங்களிலும் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஃபுரோபல் என்னும் ஆசிரியர் 1837 ஆம் ஆண்டில் சிறுவர்க்கென விளையாட்டு வழிக் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கி, 1840 ஆம் ஆண்டில் அதற்குச் சிறுவர் பூங்கா என்னும் பொருளில் "கிண்டர்கார்ட்டன்" என்று பெயரிட்டார். 1851 ஆம் ஆண்டில் பிரஷ்ய அரசு அத்தகைய கூடங்களைத் தடைசெய்தது. மறுவருடம் ஃபுரோபல் காலமானார். தடை 1860 ஆம் ஆண்டில் நீங்கியது. அவருடைய பூங்காவோ உலகமெங்கும் பரவியது. 1907 ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றிற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மொண்டிசோரி அம்மையார், 1939 ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 ஆம் ஆண்டில் இலங்கையிலும் பயிற்சி அளித்தார். பிள்ளை தன் கையாற் செய்து தானே கற்கும் என்பதே அவருடைய போதனை. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளை வரிசையாக இருத்தி எழுத்துப் பார்த்தெழுதுவிக்கும் இடங்களும் உண்டு. அதனை எங்ஙனம் சொல்வது?

நமது நாட்டின் கல்வித் திட்டமும் விளையாட்டுக்கு இடமளித்தே இருக்கின்றது. 1998 ஆம் ஆண்டில் கம்பஹா மாவட்டத்திலும், 1999 முதல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என மூன்று வழிகளைக் கூறியது. முதலிரு தரங்களில் விளையாட்டுக்கே முதன்மை கொடுத்தது. 1989 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31 ஆவது உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமையென்றே கூறுகின்றது. அதனை இலங்கை 1991 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஆகவே, சட்டத்திலும் திட்டத்திலும் குறையில்லை. குறை நம்முடைய அச்சத்தில் இருக்கின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் நிழல், இன்று மூன்று வயதுப் பிள்ளையின் பாயிலும் வந்து விழுந்துவிட்டது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. நல்ல பழமொழி. ஆனால் ஐந்தில் ஏன் வளைகின்றது? பச்சையாக இருப்பதனால் வளைகின்றது. அந்தப் பசுமையை வற்றவிடாமற் காப்பது விளையாட்டு. ஐந்தாறு வயதாகும்போதே பிள்ளையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையிற் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகின்றது. அந்த அருமையான ஆண்டுகளைப் பார்த்தெழுதுவதிலேயே செலவழித்துவிடலாமா?

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? மிகச் சிறிய காரியங்களே.

முதலாவது, நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாவது ஓடியாடி அசையவேண்டும். திரையின் முன் இருத்தல் ஒரு வயதில் வேண்டவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது. கைத்தொலைபேசியைக் கொடுத்தாற் பிள்ளை அமைதியாக இருக்கின்றது என்கிறீர்கள். மெய்தான். ஆனால் அங்கே சிரட்டை சட்டியாவதில்லை. எல்லாவற்றையும் வேறொருவர் கற்பனை செய்து முடித்துவிட்டார்.

இரண்டாவது, பொருள். விலை கொடுத்து வாங்கிய பொம்மை ஒரு பொம்மையாகவே இருக்கும். மணல், தண்ணீர், களிமண், ஓலை, சிரட்டை, சிப்பி, பழந்துணி, நுங்குக் கோம்பையிற் செய்த வண்டில் ஆகியன நூறு பொருளாக மாறும். தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் அதனைக் கையால் இழுத்தே மகிழும் சிறுவரைக் குறுந்தொகை காட்டுகின்றது. அந்த மகிழ்ச்சிக்கு இன்றும் ஒரு கயிறும் ஒரு வண்டிலும் போதும்.

மூன்றாவது, காவல். களப்பும் ஆறும் உள்ள ஊரிலே, யானை நடமாடும் காட்டோரத்திலே, பிள்ளையைத் தன்பாட்டில் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பார்வை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கவேண்டும். ஆனால் விளையாட்டை நடத்துபவராக அல்ல. அழைத்தால் மாத்திரம் வரும் விருந்தினராக இருக்கவேண்டும். "சோறு ஆறிப் போச்சு, சாப்பிடுங்கள்" என்று பிள்ளை மணற்சோற்றை நீட்டினால், வாங்கி உண்பதுபோலப் பாவனை செய்து, "உப்புச் சற்றுக் குறைவு" என்று சொல்லிப் பாருங்கள். அதன்பின் எத்தனை சொற்கள், எத்தனை விளக்கங்கள் பிறக்கின்றன என்று காண்பீர்கள்.

எழுத்தையும் எண்ணையும் நான் வேண்டாமென்று சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக அவற்றைக் கற்பித்தே பிழைக்கின்றேன். பாரதியார் பாப்பாவுக்குப் படிப்பையும் சொன்னார். ஆனால் பாட்டைத் தொடங்கியது விளையாட்டிலேதான். அந்த முறைவைப்பை மாற்றாமல் இருந்தாற் போதும்.

நாளை காலையில் முற்றம் கூட்டும்போது, ஓலையால் மூடிய சிறு மணற்குவியலொன்றைக் கண்டால், விளக்குமாற்றைச் சற்று நிறுத்துங்கள். உள்ளே யார் வீடு இருக்கின்றதென்று அதனைக் கட்டியவரிடம் கேளுங்கள். கேட்காமல் இடித்தவன் ஒருவன் இதனைச் சொல்லுகின்றேன்.